பகடையில் பிறந்த பயம்... ஸ்கிரீனுக்கு வந்தது எப்படி? ஹாரர் கேம்களின் பின்னணி!

புதுச்சேரியில் பிரெஞ்சு விளையாட்டுன்னு சொன்னா, பெத்தாங்க் இரும்புக் குண்டுகள்தான் ஞாபகம் வரும். அதே பிரான்ஸின் சியனைட் நிறுவனம் 2018-ல் ‘கால் ஆஃப் கதுலு’ என்ற ஹாரர் வீடியோ கேமை உருவாக்கியது. ஆனா இதன் மூலம் கம்ப்யூட்டர் கேம் இல்லை. பேப்பர், பென்சில், பகடையோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு!

மேஜையில் எப்படி ஆடுவாங்க?

அமெரிக்காவின் கேயோசியம் நிறுவனம் 1981-ல் இதை வெளியிட்டது. ஒருத்தர் கதை சொல்வார், மற்றவர்கள் துப்பறிவார்கள். என்ன செய்யப் போறோம்னு வாயால் சொல்லணும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

இதில் முக்கியமானது ‘மனத்தெளிவு’ புள்ளி. பயங்கரமான காட்சிகளைப் பார்க்கும்போது அது குறையும். பூஜ்யம் ஆனால், உங்க கேரக்டர் உங்க கையை விட்டே போயிடும்.

கம்ப்யூட்டரில் என்ன ஆகுது?

2005-ல் வந்த ‘டார்க் கார்னர்ஸ் ஆஃப் தி எர்த்’ கேமில் புள்ளிக் கணக்கு ஸ்கிரீனில் தெரியாது. பயந்தால் பார்வையே மங்கும். 2018 கேமில் நீங்க வளர்த்த திறமைகளைப் பொறுத்துத்தான் சில கேள்விகளையே கேட்க முடியும்.

சிக்கல் எங்கே?

எதிர்பாராத ஒன்றை நீங்க செய்தால், மனிதர் உடனே கதையை மாற்றுவார். கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கணும். அதுக்கு நேரமும் பணமும் வேணும்.

இதற்கு உதாரணம், 1991-ல் வந்த ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ மேஜை விளையாட்டை வைத்து ட்ராய்கா நிறுவனம் 2004-ல் உருவாக்கிய ‘பிளட்லைன்ஸ்’. இதில் மால்கேவியன் என்ற புத்தி பேதலித்த ரத்தக்காட்டேரி இனத்தைத் தேர்ந்தெடுத்தால், உங்க வசனங்களே மாறிவிடும். டிவியில் செய்தி வாசிப்பவர்கூட உங்களுக்குப் பதில் சொல்வார்! ஆனா கேம் ஏகப்பட்ட பிழைகளோடு வெளியானது. அதுவும் ‘ஹாஃப் லைஃப் 2’ வந்த அதே நாளில். மறு ஆண்டே ட்ராய்கா மூடப்பட்டது. பிழைகளைப் பல ஆண்டுகள் சரிசெய்து கேமைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள்தான். இரண்டாம் பாகம், வேறொரு நிறுவனத்தின் கைவண்ணத்தில் 2025-ல்தான் வந்தது.

ஆடும் முன் கவனிக்க...

‘பிளட்லைன்ஸ்’, 2018 ‘கால் ஆஃப் கதுலு’ இரண்டுமே அமெரிக்கத் தரச்சான்றுப்படி 17 வயது நிறைந்தவர்களுக்கானவை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்கோங்க. கம்ப்யூட்டர் இல்லையா? கேயோசியம் இணையதளத்தில் மேஜை விளையாட்டின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்குது. நாலு நண்பர்களும் பகடையும் இருந்தால் போதும்!