கிளையில் பிறக்கும் வில்: இஷியின் ஜூனிப்பர் வில்லை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மரவில் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை நேரான அடிமரத்தைத்தான் மனத்தில் கொண்டு பேசுகின்றன. இங்கிலாந்தின் நெடுவில் மரபு அவற்றின் மீது போட்ட நிழல் அது. கணுவில்லாத யூ மரத் தண்டைப் பிளந்து, சேகும் வெள்ளையும் சரியாக அமைந்த பட்டையை எடுத்து ஆறடி வில்லாகச் செதுக்குவதே உயர்ந்த முறை என்றும், கிளையை வெட்டிச் செய்வது வேறு வழியில்லாதவன் செய்வது என்றும் ஒரு மதிப்பீடு வேரூன்றிவிட்டது. இந்த மதிப்பீடு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிளை, மெலிந்த அடிமரம் அன்று. பிறந்த நாள் முதல் தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்பதால் அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் தன்மையில் வேறுபட்ட இரு மரங்களாகவே வளர்கின்றன. கிளைவில்லின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த வேறுபாட்டைச் சமாளிக்கும் தொழில்நுட்பமாகும்.

இதை நிறுவ ஒரே ஒரு வில்லை எடுத்துக்கொள்கிறேன். 1911 ஆகஸ்ட் 29 அன்று கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், ஆடுமாடு அறுக்கும் கொட்டில் அருகே, பட்டினியால் மெலிந்த ஒரு மனிதர் பிடிபட்டார். குடியேறிகள் 1860களில் கொன்று குவித்த யாஹி மக்களில் எஞ்சியிருந்தவர் அவர். மானிடவியலாளர்கள் ஆல்ஃபிரட் குரோபரும் தாமஸ் வாட்டர்மேனும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்தார்கள். இஷி என்ற பெயரால் உலகம் அவரை அறிந்தது. 1916 மார்ச் 25இல் காசநோயால் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடம் நட்புக்கொண்டு, வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டு, 1918இல் ஓர் ஆய்வாகவும் 1923இல் வேட்டை நூலின் பகுதியாகவும் எழுதிவைத்தார். செய்தவர் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்து, அளவுகளோடு எழுதப்பட்ட இத்தகைய பதிவு அரிது. போப் தம் காலத்து வெள்ளையரின் சொற்களிலிருந்து விடுபட்டவர் அல்லர். வில்லின் நீளத்தை ஆங்கில அளவுகோலில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. ஆனால் அளவெடுப்பதில் அறுவை மருத்துவரின் துல்லியம் உண்டு. அது நமக்குப் போதும்.

2. கிளையின் உள்ளமைப்பு

ஜூனிப்பர், யூ, பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கிளையைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை உளியால் ஒருமுறை சீவி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் கண்ணில் படும். முதலாவது, நெட்டி நடுவில் இருக்காது; மேற்பக்கத்துக்கு நெருங்கி ஒதுங்கியிருக்கும். இரண்டாவது, நெட்டிக்குக் கீழே வளையங்கள் அகன்று, செம்பழுப்பு நிறத்தில் பிறை வடிவாகத் தெரியும். அந்தப் பிறைதான் தாவரவியலார் அழுத்த மரம் என்று சொல்லும் பகுதி; நிறத்தை வைத்து அதைச் செம்மரம் என்றும் சொல்வேன். கிளை தொங்கிவிடாமல் கீழிருந்து முட்டுக்கொடுப்பதற்காக மரம் அதைப் படைத்துக்கொள்கிறது. அதில் லிக்னின் கூடுதல், கனமும் கூடுதல். நசுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தாலோ சாதாரண மரத்தைப் போல் ஈடுகொடுக்காது, சட்டென்று முறியும்.

அகலிலை மரங்களில் நிலை தலைகீழ். அங்கே மரம் தன் முயற்சியை மேற்பக்கத்தில் செலவிட்டு, கிளையை மேலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. எனவே எல்மில் செய்யும் கிளைவில்லுக்குச் சொல்லும் விதி ஜூனிப்பருக்குப் பொருந்தாது. கிளைவில் பற்றி எழுதும் பலர் இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

வில்லில் அம்பு போகும் திசையை நோக்கிய பக்கம் முதுகு. எய்பவரை நோக்கிய பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. இவற்றுக்கு இடையே நீளவும் நசுங்கவும் செய்யாத ஒரு மெல்லிய தளம் இருக்கிறது. ஊசியிலைக் கிளையில் மேற்பக்க மரமே முதுகாக உகந்தது. கீழ்ப்பக்கச் செம்மரம் வயிற்றுக்கு ஏற்றது, முதுகுக்கு ஆகாது.

இது ஏட்டுக் கணக்கு அன்று என்பதற்கு வடக்கு ஐரோப்பாவில் சான்று இருக்கிறது. சாமி மக்களும் அவர்களைச் சுற்றியுள்ள ஃபின்னோ-உக்ரிய இனத்தாரும் செய்த இருமர வில்லில், சாய்ந்து வளர்ந்த பைனின் கீழ்ப்பக்கத்து அழுத்த மரத்தை எடுத்து வயிறாக வைத்தார்கள். முதுகுக்கு பிர்ச் மரம்; இரண்டையும் ஒட்டியது மீன்பசை. செம்மரத்தை நசுங்கும் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

3. தேர்வும் பிளப்பும்

இஷி மலை ஜூனிப்பரின் கிளையைப் பிளந்து, வெள்ளைமரம் உட்பட அதன் வெளியடுக்குகளையே பயன்படுத்தினார். நெட்டியை ஒட்டிய பகுதி கழிவு. அங்கே இளமரமும் பொடிக்கணுக்களும் மிகுதி. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெளியடுக்குகளில் இழையோட்டம் நீளமாகவும் தடையில்லாமலும் இருக்கும்.

அறுக்காமல் பிளந்ததற்குக் காரணம் உண்டு. ரம்பம் தன் கோட்டில் போகும். பிளவு இழையின் போக்கில் போகும். ஜூனிப்பர் இழை முறுக்கிக்கொண்டு ஓடும் பழக்கமுள்ளது. பிளந்த முகம் முறுகி வந்தால் அந்தக் கிளையை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். அறுத்து நேராக்கிவிட்டால் குற்றம் மறையுமே தவிர, நாணேற்றும் நாளில் இழை ஓடி வெளியேறும் இடத்தில் வில் சிம்பு கிளம்பி முறியும்.

பிளந்தவுடன் இரு பாதிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மேல்பாதியின் வெளித்தோல் வளரும்போதே இழுவிசையில் இருந்ததால், விடுபட்டதும் சுருங்கி முதுகுப்புறமாக வளையும். இது வில்லுக்கு நல்லது. கீழ்ப்பாதி எதிர்ப்புறமாக வளைய முனையும். கையில் இருக்கும் துண்டு எந்தப் பாதி என்பதை மறந்துபோனவருக்கு இந்த வளைவே அடையாளம்.

கிளைக்கே உரிய இன்னொரு சிக்கல் முதுகின் திரட்சி. அகன்ற அடிமரத்திலிருந்து எடுத்த பட்டையின் முதுகு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். கைப்பிடியளவுக் கிளையில் அது மேடாக உருண்டு நிற்கும். முழு இழுவிசையும் மேட்டின் உச்சியில் ஒரு விரல் அகலத்தில் குவியும். மேட்டைச் சீவித் தட்டையாக்கினால் வளையங்கள் அறுபடும். எனவே கூடியவரை பருத்த கிளையைத் தேடுவதே முறை.

சிலர் கிளையை வெட்டவே இல்லை. நெவாடாவில் உயிருள்ள ஜூனிப்பர் மரங்களில், ஒரு வில்லின் நீளத்துக்கு மேலும் கீழும் வெட்டுப்போட்ட பழைய தழும்புகள் இருக்கின்றன. ஃபிலிப் வில்கி 1988இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். நேரான இழையுள்ள இடத்தில் இருமுனையும் வெட்டி, பட்டையை மரத்திலேயே காயவிட்டு, பின்பு நெம்பி எடுத்திருக்கிறார்கள். காயம் ஆறி, தழும்பின் மேல் புதிய மரம் நேராக வளர்ந்ததும் அதே இடத்தில் மறுபடியும் அறுவடை. மரமும் பிழைத்தது, உலர்த்தும் வேலையும் பாதி முடிந்தது. வில்மரத் தோட்டம் என்றே இதைச் சொல்லலாம்.

4. உலர்த்தல்

பச்சை மரம் வளையும். ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 8 முதல் 12 விழுக்காடு வரை இறங்கிய பிறகே வில்லுக்கு வேண்டிய திமிர் வரும். எடை தொடர்ந்து குறையாமல் நின்றுவிட்டால் மரம் காய்ந்தது என்று பொருள்.

முழுக்கிளையை அப்படியே காயவைத்தால் வெடிக்கும். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. இந்த ஏற்றத்தாழ்வுக்கு இடம்கொடுக்கப் பிளவு விழுந்தே தீரும். முன்பே பிளந்துவிட்டால் பாதித்துண்டு தாராளமாகச் சுருங்கும்.

நீளவாக்கில் நடப்பது இதைவிட நுட்பமானது. சாதாரண மரம் காயும்போது நீளத்தில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். அழுத்த மரமோ பலமடங்கு சுருங்கும். ஒரே பட்டையில் இரண்டும் கலந்திருந்தால் அது செம்மரம் உள்ள பக்கம் உட்குழிந்து வளைந்துபோகும். இஷி சூடேற்றிய கல்லின்மேல் வில்லின் முனைகளைப் பின்னோக்கி வளைத்து, வேறொரு கட்டையோடு கயிற்றால் இறுகக் கட்டி, இருட்டான உலர்ந்த இடத்தில் சில மாதங்களோ சில ஆண்டுகளோ வைத்துவிடுவார். முனை வளைவு நிற்பதற்காகவே கட்டினார் என்று படிப்பவருக்குத் தோன்றும். கிளைமரத்தின் குணத்தைப் பார்த்தால் அந்தக் கட்டுக்கு இன்னொரு பயனும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு: காயும் கிளை தன் போக்குக்குக் கோணாமல் தடுப்பது. இருட்டும் அதே நோக்கில்தான். வெயில் மேல்தோலை மட்டும் விரைவாகக் காயவைத்து வெடிக்கச் செய்யும்.

5. அளவும் வளைவும்

இஷியின் வில் 42 அங்குலம், அதாவது 107 செ.மீ. பக்கவாட்டில் நீட்டிய கைக்கும் எதிர்ப்பக்க இடுப்புக்கும் இடையே உள்ள தூரமே அவருடைய அளவு. கைப்பிடிக்கு இருபுறமும் உள்ள ஒவ்வொரு கரத்தின் நடுவிலும் அகலம் 2 அங்குலம், தடிமன் அரை அங்குலம். கைப்பிடியில் அகலம் ஒன்றேகால் அங்குலமாகக் குறுகி, தடிமன் முக்கால் அங்குலமாகக் கூடும்.

அகலத்தையும் தடிமனையும் மரம் ஒரே தராசில் எடைபோடுவதில்லை. அகலத்தை இருமடங்காக்கினால் விறைப்பு இருமடங்காகும். தடிமனை இருமடங்காக்கினால் எட்டு மடங்காகும். திருப்பிச் சொன்னால், அரை அங்குலத் தடிமனில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 1.3 மி.மீட்டரைச் சுரண்டிவிட்டால் அந்த இடத்தின் விறைப்பில் கால்பங்குக்கு மேல் போய்விடும். வில் செய்பவர்கள் கடைசிக் கட்டத்தில் கத்தியை வைத்துவிட்டுச் சுரண்டுகல்லை எடுப்பது இதனால்தான். இஷி சுரண்டியும் மணற்கல்லில் தேய்த்துமே வடிவம் கொடுத்தார்.

வளைவைச் சீர்செய்வது கண்ணின் வேலை. தளர்நாண் கட்டிச் சிறிது இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கே விறைத்து நிற்கிறதோ அங்கே வயிற்றுப்பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். முதுகில் கைவைக்கக் கூடாது. ஓரிடம் கூடுதலாக வளைந்தால் அந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களைத்தான் குறைக்க வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் நல்ல மரத்தை விறகாக்குகிறார்கள். கிளையில் கணுக்கள் கூடுதலாதலால், கணுவைச் சுற்றிச் சற்றுச் சதை விட்டுவைப்பதும் வேண்டும். இஷியின் வில் முழுதாக இழுத்தபோது கைப்பிடியருகே மட்டும் சற்றுத் தட்டையாகி, மற்றபடி சீரான வில்வளைவாக வளைந்தது என்கிறார் போப்.

6. தசைநார் முதுகு

இனி முதன்மையான கேள்வி. 42 அங்குல வில்லை அவர் ஏறக்குறைய 26 அங்குலம் இழுத்தார். இழுப்பு, வில்லின் நீளத்தில் 62 விழுக்காடு. ஆறடி நெடுவில்லை 28 அங்குலம் இழுத்தால் அது 39 விழுக்காடுதான். வெறும் மரம் மட்டுமாக இருந்தால் இஷியின் வில் இத்தகைய இழுப்பைத் தாங்குவது கடினம்.

விடை முதுகில் இருக்கிறது. சால்மன் மீனின் தோலைக் கொதிக்கவைத்துப் பசை செய்து, சொரசொரப்பாக்கிய முதுகில் பூசிக் காயவிட்டார். மான்கால் தசைநாரை வாயிலிட்டு மென்று மென்று இழைபிரித்தார். மென்றதில் அது மிருதுவாகி ஒட்டும் பதத்துக்கு வந்தது. இழைகளின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி முதுகு முழுவதும் கனமாகப் பரப்பி, முனைகளில் சுற்றிக்கட்டினார். காயும்வரை வில்லோ மரப்பட்டையின் மெல்லிய கீற்றுகளால் இறுகச் சுற்றிவைத்தார். சில நாள் கழித்துக் கட்டவிழ்த்து, ஓரங்களைச் சீர்செய்து, மறுபடியும் பசை பூசி மணற்கல்லால் வழவழப்பாக்கினார்.

மரம் முறிவதற்குமுன் நீளும் அளவைவிடத் தசைநார் பலமடங்கு நீளும். காயும்போது சுருங்கி, மரத்தைப் பின்னோக்கி இழுத்தும் வைக்கும். இதைக் குட்டையான வில்லுக்கான ஏற்பாடு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கிளைவில்லைப் பொறுத்தவரை அதற்கும் மேல் ஒரு பொருள் உண்டு என்று கருதுகிறேன். திரண்ட முதுகில் விசை ஒரே மேட்டில் குவிவது, கணுக்கள், கீழ்ப்பாதியின் முதுகில் முறியக்கூடிய செம்மரம் இருப்பது ஆகிய மூன்று குறைகளும் முதுகைச் சார்ந்தவை. இழுவிசையைத் தசைநார் ஏற்றுக்கொண்டால் மரத்துக்கு நசுங்கும் வேலையே முதன்மையாக எஞ்சும். அந்த வேலையில் ஜூனிப்பர் கெட்டிக்காரன். கிளையின் இரு பாதியும் அப்போது பயன்படும். சாமி வில்லாளர் பிர்ச் மரத்தால் தீர்த்த சிக்கலை யாஹி வில்லாளர் மானின் காலால் தீர்த்தார்.

விளைந்த வில்லின் இழுவிசை 45 பவுண்டு, ஏறக்குறைய 20 கிலோ. அம்பு சுமார் 200 கஜம் போகும். நெடுவில்லோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் புதருக்குள் குந்தியபடி, வில்லைச் சாய்த்துப் பிடித்து, மான் நெருங்கிவரும்வரை காத்திருந்து எய்பவருக்கு ஆறடி வில் ஒரு தொந்தரவு. அந்த வேலைக்குக் குட்டை வில்லே ஏற்றது என்று போப்பும் ஒப்புக்கொள்கிறார்.

7. நாணும் பேணலும்

நாணும் மான்காலின் மெல்லிய தசைநார்தான். மென்று முறுக்கி, ஈரமாக இருக்கும்போதே இரு குச்சிகளுக்கிடையே கட்டி, எச்சில் தொட்டு வழவழப்பாக்குவார். நாணேற்றிய வில்லின் நாணை அம்பால் தட்டினால் இனிய ஒலி எழ வேண்டும். அதுவே நல்ல வில்லுக்கு அவர் வைத்த சோதனை. வில்லின் முனையை வாயோரம் வைத்துத் தட்டி இசையும் எழுப்புவார்.

நாணேற்றியபடி விட்ட வில்லும், நிமிர்த்தி வைத்த வில்லும் களைத்து வியர்க்கும் என்பார் இஷி. அதைத் தாண்டிப் போகக் கூடாது, குழந்தைகளும் பெண்களும் தொடக் கூடாது, தொட்டால் மணலும் நீரும் கொண்டு கழுவ வேண்டும் என்றும் சொன்னார். பின்னவை யாஹி வாழ்வின் விலக்குகள். அவற்றுக்கு இயற்பியலில் காரணம் தேடுவது வீண்வேலை. களைப்பும் வியர்வையும் வேறு வகை. தொடர்ந்து பாரம் சுமக்கும் மரம் மெல்ல மெல்ல அந்த வளைவுக்கே பழகிப்போகும் என்பது பொறியியல் உண்மை. மீன்பசையும் தசைநாரும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நெகிழும் என்பதும் உண்மை. உலர்ந்த மலைச்சரிவில் வாழ்ந்தவரை வில்லுக்கு எண்ணெய் பூசும் வழக்கம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. மலைச்சிங்கத்தின் வால்தோலில் செய்த உறை ஒன்றே காப்பாக இருந்தது. கடல்மூடுபனி சூழ்ந்த சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தபிறகு ஷெல்லாக்கை எடுத்து, பசையின் மேலும் மரத்தின் மேலும் பூசத் தொடங்கினார்.