சர்க்கரையா, சீனியா, அஸ்காவா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். சாப்பிட்ட பிறகு எடுத்ததில் 238. "டீச்சர், சுகர் ஏறியிருக்கு" என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் கையில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் சர்க்கரையா?" என்று கேட்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம், துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி. தித்திக்கிற பண்டத்துக்கும் அதே பெயர், காலை அரித்துக் கண்ணைக் கெடுக்கும் நோய்க்கும் அதே பெயர். ஆட்டோவில் வீடு திரும்பும்போது இதே யோசனை. அதோடு முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வகுப்பறையும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் திருநெல்வேலிச் சீமைக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்து, பதிவு மூப்பில் வேலை கிடைத்தது தருமபுரிப் பக்கம். அப்போது தெற்கத்தி ஆட்கள் பலருக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் எழுதும் தேர்வு. 'சுகர்' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு பெண் குழந்தை 'அஸ்கா' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். அடித்ததோடு விட்டிருக்கலாம். எழுப்பி நிறுத்தி, "இது எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "கடையில அப்படித்தான் டீச்சர் கேப்போம்" என்று மெதுவாகச் சொன்னாள். "கடையில கேக்குறதெல்லாம் பரீட்சையில எழுத முடியாது, உக்காரு" என்றேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பொருளை யாரும் 'சர்க்கரை' என்று சொன்னதில்லை. எங்கள் பக்கம் அது சீனி. சர்க்கரை என்றால் பழுப்பாக இருப்பது. சர்க்கரைப் பொங்கலில் நீங்கள் போடுவது வெள்ளைச் சீனியா என்ன? வெல்லம்தானே. ஆக அந்தத் தேர்வை என் அம்மா எழுதியிருந்தால் அவருக்கும் சிவப்புக் கோடுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஆற அமரப் படித்ததில் இந்த ஒரு சொல்லின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் கரும்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கரும்பு நம் மண்ணில் பிறந்த பயிர் இல்லை. அதை முதலில் பயிராக்கியவர்கள் நியூ கினித் தீவு மக்கள், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அங்கிருந்து தீவு தீவாகத் தாண்டி ஆசியாவுக்கு வந்தது. தமிழகத்துக்கு அது வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் முன்னோர்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று பாடுகிறார். அதியமானின் ஊர் தகடூர். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. நான் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திய பள்ளிக்கூடம் அதியமான் மண்ணில்தான் இருந்தது. அந்தப் பாட்டை நான் பள்ளியில் படித்தவள்தான். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கரும்பைக் கடித்துத் தின்னலாம், சாற்றைக் குடிக்கலாம். ஆனால் சாறு ஒரே நாளில் புளித்துவிடும். அதைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தையும், பிறகு மணி மணியாகப் பிரித்தெடுக்கும் வித்தையும் இந்தியாவில் வளர்ந்தவை. குப்தர் காலத்து வாக்கில் அந்தத் தொழில் நன்றாகக் கைவந்துவிட்டது. அந்த மணிகளைப் பார்த்தவர்களுக்குப் பொடிக்கல் ஞாபகம் வந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் முதலில் சரளைக்கல், பருக்கை மணல் என்றே பொருள். பொருளின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். சீனர்களும் அதையே 'மணல் இனிப்பு' என்ற பொருளில் 'ஷாதாங்' என்றார்கள். ஜப்பானியர் சொல்லும் 'சாத்தோ' அதே எழுத்துகளின் ஜப்பானிய உச்சரிப்புதான்.

கட்டியாக இருந்ததற்குப் பெயர் 'கண்டம்', அதாவது துண்டு. அது பாரசீகத்தில் 'கந்த்' ஆகி, அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், இப்போது நம் பேரப்பிள்ளைகள் கேட்கும் 'கேண்டி' ஆகியிருக்கிறது. நம் கற்கண்டில் இருக்கும் கண்டும் அதுதான். கடைக்காரர் ஒரே சொல்லை இரண்டு டப்பாவில் வைத்து விற்கிறார்.

இந்த இனிப்பை வெளியூர்க்காரர்கள் முதலில் பார்த்தபோது பட்ட ஆச்சரியத்தைச் சொல்ல வேண்டும். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், இந்தியாவில் தேனீ இல்லாமலேயே நாணலில் தேன் கிடைக்கிறது என்று சொன்னதாக ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் அதை 'சக்கரோன்' என்கிறார். உப்பு மாதிரி பல்லில் நொறுங்கும் என்கிறார். அவர்களுக்கு அது மருந்து. அதே காலத்து மாலுமிகளின் கையேடான பெரிப்ளூஸ் நூலில், நம் மேற்குக் கரையிலிருந்து ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் சரக்குகளில் 'சக்கரி' என்ற நாணல் தேனும் இருக்கிறது. கரும்பின் தாவரவியல் பெயரில் இன்றும் அந்தச் 'சக்கரம்' இருக்கிறது.

ஆனால் உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கிரேக்கப் பாதையில் அல்ல. பாரசீகத்தில் 'ஷகர்', அங்கிருந்து அரபியில் 'சுக்கர்'. அரேபியர்கள் போன இடமெல்லாம் கரும்பை நட்டார்கள், எகிப்து, சிசிலி, ஸ்பெயின் என்று. பயிர் போன இடமெல்லாம் சொல்லும் போயிற்று. இத்தாலியில் 'சுக்கெரோ', பிரெஞ்சில் 'சுக்ர்', ஜெர்மனில் 'ட்சுக்கர்', ஹங்கேரியில் 'சுகோர்', துருக்கியில் 'ஷெக்கெர்', கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலியில் 'சுகாரி', ஆங்கிலத்தில் 'சுகர்'. ரஷ்யர்களுக்கு மட்டும் கிரேக்க வழியில் 'சாகர்'. நாம் ஆங்கிலம் பேசுவதாக நினைத்து 'ஒரு ஸ்பூன் சுகர்' என்கிறோமே, அது நம் வீட்டுப் பெண் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தொப்பி மாட்டிக்கொண்டு திரும்பி வந்த மாதிரி.

ஸ்பானியர்கள் சொல்வது 'அசூக்கர்'. அரபியில் பெயருக்கு முன்னால் வரும் 'அல்' என்ற ஒட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்தவுடன் எனக்கு ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. அசூக்கர், அஸ்கா! ஆனால் இல்லை. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடக் கூடாது. இந்தத் தப்பைச் செய்து வாட்சாப்பில் அனுப்புகிறவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

அஸ்காவின் கதை வேறு, இன்னும் பக்கத்தில் இருக்கிறது. ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில் ருஷிகுல்யா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அஸ்கா. 1936இல் ஒடிசா தனி மாகாணமாகும்வரை கஞ்சம் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் இயந்திர ஆலை வந்தது. அங்கிருந்து வந்த வெள்ளைச் சர்க்கரை 'அஸ்கா சர்க்கரை'. நாளடைவில் சர்க்கரை உதிர்ந்து அஸ்கா மட்டும் நின்றது. சீனி என்ற சொல்லும் அதே சாதிதான். சீனாவின் பெயர் அது. வடக்கே 'சீனி' என்பார்கள், கற்கண்டுக்கு அங்கே 'மிஸ்ரி', அதாவது எகிப்துச் சரக்கு. ஊர்ப் பெயரைச் சரக்குக்கு வைப்பது உலக வழக்கம். சீனாவின் பெயரால் சீனி என்றால் தமிழ், அஸ்காவின் பெயரால் அஸ்கா என்றால் தப்பா? என்னிடம் அன்று யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பதில் இல்லை.

தமிழுக்குள்ளேயே இந்தச் சொல் ஒரு தடவை அல்ல, பல தடவை வந்திருக்கிறது. பழைய வருகையில் பிராகிருத 'சக்கரா' முதல் எழுத்தை உதிர்த்து 'அக்காரம்' ஆயிற்று, 'சமணர்' 'அமணர்' ஆனதுபோல. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா அக்காரவடிசில் நேர்ந்துகொள்கிறாளே, அந்த அக்காரம். பிறகு சர்க்கரை. பிறகு மலையாளத்துச் சக்கரையைப் போர்ச்சுகீசியர் 'ஜாகரா' என்று எடுத்துப்போக, அது ஆங்கிலத்தில் 'ஜாகரி' ஆகி, இப்போது 'ஆர்கானிக் ஜாகரி' என்று பாக்கெட்டில் நம் கடைக்கே வந்து அதிக விலைக்கு விற்கிறது.

எல்லா மொழியும் இந்த வழியில் போகவில்லை. மலாய்க்காரர்கள் 'குலா' என்கிறார்கள், அது 'குடம்' என்ற வெல்லச் சொல்லிலிருந்து வந்தது. தாய்லாந்தில் 'நாம்தான்', பனை நீர் என்று பொருள். பதநீரும் கருப்பட்டியுமாக வளர்ந்த எனக்கு இது மிகவும் பிடித்தது.

இதுவரை இனிப்பு. இனிமேல் வருவது கசப்பு, ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

1493இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரீபியன் தீவுக்குக் கொண்டுபோனார். கரும்பு வெட்டியவுடன் பிழிய வேண்டும், பிழிந்தவுடன் காய்ச்ச வேண்டும். இரவு பகல் பாராத வேலை. அதற்கு ஆள் வேண்டும். அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினரை விழுங்கியவை கரும்புத் தோட்டங்கள். 1834இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்தது. தோட்டம் ஒழியவில்லை. அடுத்து யாரைக் கூப்பிடுவது? நம்மைத்தான். மொரீசியசுக்கு, பிறகு நேட்டாலுக்கு, பிஜிக்கு. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அங்கே மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பிஜித் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் கரும்புத் தோட்டத்திலே என்று பாடினார். நான் அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது இரண்டாவது பத்தியில் குரல் அடைத்துவிடும், பின் பெஞ்சில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

காரணம் இருந்தது. என் பாட்டியின் தாய்மாமா ஒருவர் 'கரும்புக் காட்டுக்கு' என்று கப்பலேறியவர். எந்தத் தீவு என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டி சாகும்வரை தை மாதத்தில் ஒரு துண்டு கரும்பை ஒடித்துத் தனியாக வைப்பாள். எதற்கு என்று கேட்டால், "அவன் வெட்டுனதுல்லா" என்பாள்.

மறுபடி என் 238க்கு வருகிறேன். இந்த நோய்க்கும் உலகம் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. துருக்கியர் 'ஷெக்கெர்' நோய் என்கிறார்கள், சுவாஹிலியில் 'கிசுகாரி', ஜெர்மனில் 'ட்சுக்கர்' நோய். ஈழத்துத் தமிழர் 'சீனி வருத்தம்' என்பார்கள். மலாயில் இனிப்பு மூத்திரம் என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். நம் பழைய வைத்தியர்கள் 'மதுமேகம்' என்றதும் அதேதான், எறும்பு மொய்ப்பதைப் பார்த்து வைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால், 1879இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த சர்க்கரை இல்லாத இனிப்புக்கும் 'சாக்கரின்' என்று பெயர் வைத்தார்கள். சர்க்கரையை விடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை டப்பாவிலும் சர்க்கரைதான் உட்கார்ந்திருக்கிறது.

நேற்றுக் காலையிலிருந்து சர்க்கரை போடாத காபி. வாய் கேட்கவில்லை. பழகிவிடும் என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் எந்தச் சொல் என்று கீழே எழுதுங்கள், எந்த ஊர் என்பதையும் சேர்த்து. தருமபுரி, அரூர், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்கிறேன். அன்று எழுந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். பெயரை இங்கே போட மாட்டேன், அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு வீட்டில் வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். அவள் யாருக்காவது பழக்கம் என்றால், 'அஸ்கா' சரிதான் என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள். அவள் சரி என்றால் என் எண்ணையும் கொடுங்கள்.