அனிமே விருதுகள்: டோக்கியோ மேடையில் கர்நாடக நடிகை, தமிழ்க் குரலுக்கு 2025 வரை இடமில்லை

பெங்களூரு: ஜப்பானிய அசைவூட்டப் படைப்புகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் கிரஞ்சிரோல் அனிமே விருதுகளுக்கு, லிங்கராஜபுரத்தில் வசிக்கும் ரசிகரும் டோக்கியோ ரசிகரும் ஒரே இணையதளத்தில் வாக்களிக்கலாம்.

கிரஞ்சிரோல் ஸ்ட்ரீமிங் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு இவ்விருதுகளைத் தொடங்கியது. 'யூரி ஆன் ஐஸ்' முதல் ஆண்டின் சிறந்த அனிமேவாகத் தேர்வானது. 2023 முதல் விழா டோக்கியோவில் நடைபெற்று வருகிறது.

நடுவர் குழு பரிந்துரைப் பட்டியலைத் தயாரித்த பின்னர், ரசிகர்களின் வாக்குப்பதிவு நடைபெறும். நடுவர்களின் வாக்குகளும் சேர்த்துக் கணக்கிடப்பட்டு வெற்றியாளர்கள் அறிவிக்கப்படுவர். 2023-இல் சுமார் 1.8 கோடியாக இருந்த வாக்குகள், 2025-இல் சுமார் 5.1 கோடியாக உயர்ந்தன.

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தைச் சேர்ந்த நடிகை ராஷ்மிகா மந்தனா, 2024 மார்ச் மாதம் நடைபெற்ற விழாவில் விருது வழங்குபவராகப் பங்கேற்றார். அவ்விழாவில் 'ஜுஜுட்சு கைசென்' தொடரின் 2-ஆவது பருவமும், 2025 மே 25-ஆம் தேதி நடைபெற்ற விழாவில் 'சோலோ லெவலிங்' தொடரும் ஆண்டின் சிறந்த அனிமே விருதை வென்றன.

மொழிவாரியாகச் சிறந்த குரல் கலைஞர்களுக்கும் விருதுகள் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு உள்ளிட்ட மொழிகளின் வரிசையில் 2025-இல் ஹிந்தி சேர்க்கப்பட்டது.

'சோலோ லெவலிங்' தமிழிலும் குரல்மாற்றம் செய்யப்பட்டுள்ளது. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' திரைப்படம் 2025 செப்டம்பர் 12-ஆம் தேதி தமிழிலும் திரையரங்குகளில் வெளியானது. ஆயினும், 2025 விருதுகள் வரை தமிழ்க் குரல் கலைஞர்களுக்கெனத் தனிப் பிரிவு இடம்பெறவில்லை.