கோல்ஃப் மைதானத்துக்குள் நுழைந்த தொலைபேசி

கோல்ஃப் கிளப்புகளின் செல்போன் விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மணியடிக்கக் கூடாது, கிளப் ஹவுஸுக்குள் பேசக் கூடாது, அடிக்கப் போகிறவர் பக்கத்தில் படம் எடுக்கக் கூடாது. எல்லாமே சத்தம் பற்றிய கவலைதான். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் கோல்ஃபை போன் ஆட்டிவைத்தது சத்தத்தால் இல்லை. வெளியே இருக்கிறவர் உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்ததால்தான். அதுவும் செல்போன் பரவுவதற்கு முன்பே!

1987, கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானம். கிரெய்க் ஸ்டாட்லர் அடித்த பந்து தாழ்ந்த கிளைகள் உள்ள ஒரு மரத்தடியில் போய் நின்றது. மண்டி போட்டுத்தான் அடிக்க முடியும். தரை ஈரம். பேண்ட் அழுக்காகுமே என்று ஒரு துண்டை விரித்து அதன்மேல் முட்டி போட்டு அடித்தார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். கூட இருந்த யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மறுநாள் டிவியில் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டபோது, பார்த்துக்கொண்டிருந்த சிலர் போன் செய்தார்கள்: துண்டு விரிப்பது நிற்கும் இடத்தை வசதியாக அமைத்துக்கொள்வது ஆகாதா? ஆகும். இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். அதைச் சேர்க்காத ஸ்கோர் கார்டில் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டதால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். இரண்டாமிடத்தைப் பகிர்ந்திருக்க வேண்டியவர் 37,333 டாலரை இழந்தார். (1995-ல் அந்த மரம் நோயில் பட்டுப்போனபோது ஸ்டாட்லரையே கூப்பிட்டு வெட்டச் சொன்னார்கள். ரம்பத்தோடு வந்து வெட்டினார்.)

முப்பது வருஷம் கழித்து, 2017-ல், இதே கதை மின்னஞ்சலில் வந்தது. ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில் லெக்ஸி தாம்சன் பந்தை எடுத்து வைத்தபோது இடம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று ஒரு ரசிகர் எழுதினார். முதல் நாள் தவறுக்கு மறுநாள், அதுவும் முன்னணியில் ஆடிக்கொண்டிருக்கும்போது, நாலு ஸ்ட்ரோக் அபராதம். பிளே ஆஃபில் தோற்றார்.

அதற்கப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2018 ஜனவரி முதல் வெளியிலிருந்து வரும் புகார்களை ஏற்பதில்லை என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தங்கள் ஆள் ஒருவரையே உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தினாலும் கண்ணைத் திறந்து வைத்தார்கள்.

போனைத் தடுத்துப் பார்த்த கதைகளும் உண்டு. 2006-ல் ஹொய்லேக்கில் நடந்த ஓப்பனில் ரசிகர்களின் கேமரா போன் தொல்லை தாங்காமல் தடை வந்தது. 2012-ல் தளர்த்திவிட்டார்கள். அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2011-லேயே ரசிகர்களைப் போனோடு உள்ளே விட்டது. இன்றுவரை பிடிவாதமாக நிற்பது மாஸ்டர்ஸ் நடத்தும் அகஸ்டா மட்டும்தான். ஆனால் அங்கே வெறும் தடை இல்லை. ரசிகர்கள் இலவசமாகப் பேச மைதானத்திலேயே போன்கள் வைத்திருக்கிறார்கள். 2019-ல் டைகர் வுட்ஸ் ஜெயித்த படத்தைப் பாருங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒரு கையிலும் போன் இல்லை. அழகுதான். ஆனால் அகஸ்டாவுக்கு ஆள் தேட வேண்டிய அவசியமில்லை. புது உறுப்பினர் கிடைக்காமல் தவிக்கும் சாதாரண ஊர் கிளப் அதைக் காப்பியடித்தால், இளசுகள் வேறு பக்கம் போய்விடும்.

கிளப்புகள் பார்க்க வேண்டிய உதாரணம் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள ஓல்ட் கோர்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது இல்லை. பொது நிலம், ஒரு டிரஸ்ட் நிர்வகிக்கிறது. பதினெட்டாம் குழிக்குப் போகிற வழியில் ஸ்வில்கன் பாலம். ஒரு காலத்தில் ஆடுமாடு ஓட்டிப்போன சின்னக் கல்பாலம், வயசு 700 இருக்கும் என்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதில் நின்று படம் எடுப்பதால் முன்னால் இருந்த புல் தேய்ந்துகொண்டே இருந்தது. எத்தனை முறை புது புல் வைத்தும் நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் அங்கே கல் பாவிவிட்டார்கள். அந்தக் கல்தளத்தின் படம் இணையத்தில் வந்ததும், வீட்டுக் கொல்லைப்புறத்தில் போட்ட திண்ணை மாதிரி இருக்கிறதே என்று உலகமே பிடித்துக்கொண்டது. 1990-ல் இதே மைதானத்தில் ஓப்பன் வென்ற நிக் ஃபால்டோவும் கிண்டல் செய்தார். சில நாட்களில் கல்லைப் பெயர்ப்பதாக டிரஸ்ட் அறிவித்தது.

படம் எடுக்க வந்த கால்கள்தான் புல்லைத் தேய்த்தன, படம்தான் கல்லையும் பெயர்த்தது. இதில் டிரஸ்ட் வளைந்துகொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், சட்டென்று ஒப்புக்கொண்டது நல்லதுதான். கல் பாவுவதற்கு முன்னால் ஒரு வரைபடத்தை வெளியிட்டுக் கருத்துக் கேட்டிருந்தால் இரண்டு வேலையும் மிச்சம். கிளப்புகளுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் போட்டி முடிவும் பரிசளிப்புப் படமும்தான் போகும். மரம் வெட்டப் போகிறோம், கட்டணம் ஏற்றப் போகிறோம் என்பதை முதலில் அங்கே போட்டு, வரும் பதில்களைப் படிக்கக் கமிட்டியில் ஒரு ஆளை உட்கார வைக்கலாம். மணியடிக்காமல் வைப்பதா வேண்டாமா என்ற விதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.