திறப்பில் இருந்து பட்டன் வரை: ஸ்டியரிங் லொக்கின் கதை



"பட்டனை அமத்தினால் கார் ஸ்டார்ட் ஆகுதில்லை, ஸ்டியரிங்கும் திரும்புதில்லை." இந்த முறைப்பாடு எங்கள் அப்பாமார் காலத்தில் இல்லை. அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1950களில் யாழ்ப்பாணம் வந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களில் ஸ்டியரிங் லொக் இல்லை. கார்க் களவைத் தடுக்க 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனி அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1969 மொடல்களில் பொருத்தியது. அது வெறும் இரும்புப் பூட்டு. திறப்பை எடுத்தால் ஸ்டியரிங் தண்டில் ஒரு இரும்புக் கட்டை விழும். திறப்பைத் திருப்பினால் விலகும்.

1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் இங்கு தடைசெய்யப்பட்டன. அந்தப் பழைய கார்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் சமூகத்தில் பெரும்பாலானோர் அந்தக் காலத்தைப் புத்தளத்தில் கழித்தார்கள். இங்கே நின்றவர்கள் சொல்லித்தான் இதையெல்லாம் அறிந்தோம். கார் நின்றால் ஏன் நின்றது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழக்கம்தான் அவற்றை ஓடவைத்தது.

போர் முடிந்து 2009இல் ஏ9 பாதை திறந்தபின் ஜப்பான் ஹைபிரிட் கார்கள் வந்தன. திறப்பு இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. பட்டனை அமத்தியதும் கொம்பியூட்டர் றிமோட்டை அடையாளம் காணும். இந்தப் பூட்டு உள்ள கார்களில் ஒரு சின்ன மோட்டர் இரும்புக் கட்டையை இழுக்கும். "திறந்துவிட்டது" என்று உள்ளே ஒரு சுவிட்ச் சொன்னால்தான் ஸ்டார்ட் ஆக அனுமதி கிடைக்கும். இவ்வளவுக்கும் மின்சாரம் தருவது சின்ன 12 வோல்ற் பற்றரி. பெரிய ஹைபிரிட் பற்றரி அல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் பல கார்கள் முற்றத்தில் கிடந்தன. ஓடாமல் கிடந்தால் பற்றரி இறங்கும். இறக்குமதி மீண்டும் தொடங்கிய 2025 வரை இருந்த கார்களே வயதாகிக்கொண்டு ஓடின.

ஆகவே பழைய ஆட்கள் போல ஒழுங்காகப் பாருங்கள்:

1. றிமோட்டைப் பட்டனுக்குக் கிட்டப் பிடித்து அமத்துங்கள்.
2. அமத்தும்போதே ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டுங்கள். சில்லு இழுபட்டு நின்றால் கட்டை இறுகியிருக்கும்.
3. பற்றரியை மீற்றரால் அளவுங்கள். நிறைந்த பற்றரி சுமார் 12.6 வோல்ற் காட்டும். 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள்.
4. பிறகு பியூஸ். அதன்பின் ஸ்கேனர் போட்டுக் கோட் பார்க்கச் சொல்லுங்கள்.
5. இவை எல்லாம் சரியென்றால் மட்டும் பூட்டுப் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். உள்ளிருக்கும் சுவிட்ச் தேய்வதும் உண்டு.

வயரை மாற்றிப் பூட்டை ஏமாற்ற உடன்படாதீர்கள். ஓடும்போது கட்டை விழாமல் காக்கும் ஏற்பாடும் அந்த இணைப்புகளில்தான் இருக்கிறது.

"பெட்டியையே மாத்த வேணும்" என்று யாரும் சொன்னால், காசை எடுக்க முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, பற்றரியை அளந்து பாத்தீங்களா?"