சர்ஜனை எதை வைத்து எண்ணுவது?

ஒரு சர்ஜன் எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் என்று கேட்டால் இன்றைக்குப் பல மருத்துவக் கல்லூரிகள் ஓர் எண்ணைப் பார்க்கின்றன. ஹெச்-இண்டெக்ஸ். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய இண்டெக்ஸ் 20. அவ்வளவுதான் கணக்கு. 2005ல் ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் சொன்னது இது. அவர் கணக்குப் போட்டது முதலில் இயற்பியல் ஆட்களுக்கு. ஆபரேஷன் தியேட்டர் அவர் மனசுலயே இருந்திருக்காது.

வேர் இன்னும் பழையது. 1873ல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் அமெரிக்க வக்கீல்களுக்காக ஒரு அட்டவணை போட ஆரம்பித்தார். எந்தத் தீர்ப்பைப் பிற்பாடு எந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது என்று அதில் பார்க்கலாம். அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955ல் எழுதினார். 1964ல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது. இதுல ஒண்ணு வழியில தொலைஞ்சு போச்சு, கவனிங்க. வக்கீல் அட்டவணையில் ஒரு தீர்ப்பு பின்னால் தள்ளப்பட்டிருந்தால் அதற்கென்று குறி உண்டு. ஹெச்-இண்டெக்ஸில் பாராட்டி எழுதினாலும் ஒன்று, திட்டி எழுதினாலும் ஒன்று.

இயற்பியலில் இதனால் பெரிய கேடில்லை. சர்ஜரியில் அப்படி இல்லை. பாவ்லோ மக்கியாரினியை எடுத்துக்குங்க. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைக் கொண்டு மூச்சுக்குழாய் மாற்றியதாக 2008ல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை அவரை உலகப் புகழ் ஆக்கியது. ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் வேலை கிடைத்தது. 2011, 2012ல் அங்கே மூன்று பேருக்குப் பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் வைத்தார். மூன்று பேரும் பிற்பாடு இறந்துபோனார்கள். 2011 கட்டுரை 2018ல்தான் வாபஸ் ஆனது, 2008 கட்டுரை 2023ல். அதே 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருஷம் சிறை விதித்தது. அதுவரைக்கும் அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டிக்கிட்டேதான் இருந்தாங்க.

வேறு மாதிரி எண்ணிப் பார்த்த ஒருவர் இதற்கு நூறு வருஷம் முன்னாடியே இருந்தார். பாஸ்டன் சர்ஜன் எர்னஸ்ட் காட்மன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார், சரியில்லை என்றால் யார் தப்பு, எல்லாம் அதில் எழுதணும். மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி நடந்ததை எதிர்த்து 1914ல் வெளியேறினார். 1911லேயே தொடங்கியிருந்த தன் சிறிய மருத்துவமனையில் 1916 வரை வந்த 337 நோயாளிகளின் கணக்கை அச்சடித்து வெளியிட்டார். அதில் 123 பிழைகள், தன்னுடையவையும் சேர்த்து.

இதற்காக மேற்கோள் கணக்கை நான் முழுசா ஒதுக்கமாட்டேன். சீனியாரிட்டிக்கும் சிபாரிசுக்கும் பதில் வெளியாள் சரிபார்க்கக்கூடிய ஓர் எண் கிடைப்பது நல்லதுதான். காட்மன் சண்டை போட்டதும் அதற்காகத்தான். அவர் முறையிலும் சிக்கல் உண்டு. கஷ்டமான கேஸ்களை எடுக்கிற சர்ஜனுக்குத்தான் அட்டை மோசமாக இருக்கும். ஆனால் கட்டுரையை எண்ணுவது சுலபம், நோயாளியை ஒரு வருஷம் கழித்துத் தேடிப்பிடிப்பது செலவு.

காட்மன் 1940ல் இறந்தார். கேம்பிரிட்ஜில் உள்ள அவர் கல்லறைக்கு 2014ல்தான் டாக்டர்கள் சேர்ந்து ஒரு கல் வைத்தார்கள்.