பதினைந்தாவது ஆள்

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமத்திலே, குளத்து நீரை நம்பி நெல் விளையும் வட்டைகளில், ஆட்கூலி என்பது எளிதான கணக்கு. கூலி பேசப்படும், வேலை முடியும், பணம் கைமாறும். ஆலையிலோ கடையிலோ பதிவு பெற்று உழைப்பவரின் கணக்கு அத்துணை எளிதன்று. அங்கே முதலாளி செலவிடும் தொகை ஒன்று. தொழிலாளி கையிற் பெறும் தொகை மற்றொன்று. இவ்விடைவெளி எவ்வாறு வளர்ந்தது, வேலைவாய்ப்பை அஃது என்ன செய்தது என்பன இலங்கை வரலாற்றில் ஆராயத்தக்கவை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தோற்றுவித்தது. தொடக்கத்தில் சம்பளத்தின் 4 சதவீதத்தைத் தொழிலாளியும் 6 சதவீதத்தை முதலாளியும் செலுத்தினர். 1981இல் இவை முறையே 8 ஆகவும் 12 ஆகவும் உயர்ந்தன. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டியதாயிற்று. ஆகவே, 100 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளியின் செலவு 115 ரூபாய். தொழிலாளி வீட்டுக்குக் கொண்டு செல்வது 92 ரூபாய். எஞ்சிய 23 ரூபாயும் அவரது பெயரிலே சேரும் சேமிப்பு.

இதனினும் கடினமான சட்டம் 1971இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி மூண்டது. வேலையின்மையை ஆராய டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனக் குழுவொன்றும் வந்தது. அதே ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தாபனம் ஒழுக்கக் குற்றமல்லாத காரணத்துக்காக ஒருவரை நீக்குவதாயின், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். நட்டஈட்டின் அளவு ஆணையாளரின் தீர்மானத்தில் தங்கியிருந்தது. அதற்கெனக் கணக்கு முறையொன்று 2005இலேதான் வெளியிடப்பட்டது. 1983இன் பணிக்கொடைச் சட்டமும் 15 என்ற அதே எல்லையை வகுத்தது. 14 பேருடன் தொழில் நடத்தும் ஒருவர் 15ஆவது ஆளைச் சேர்க்கத் தயங்குவதற்குச் சம்பளத்தைவிட, பின்னர் வரக்கூடிய செலவின் அளவு தெரியாமையே பெரிய காரணமாயிற்று.

சம்பளத்தின் மீதான கட்டணம் வேலையைக் குறைக்குமா? பிறநாட்டு அனுபவம் இருவிதமாக விடை கூறுகிறது. சிலி நாட்டில் 1981இன் சீர்திருத்தத்தையடுத்து, ஆலைத் தொழிலில் இவ்வரி சுமார் 30 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதத்துக்கு இறங்கியது. பொருளியலாளர் ஜொனதன் குருபர் ஆராய்ந்தபோது, கூலி உயர்ந்திருந்தது. வேலையாட்களின் தொகை மாறவில்லை. கொலம்பியாவில் 1990களின் முற்பகுதியில் வரி ஏறியபோதோ, குறைந்தபட்சக் கூலி காரணமாகக் கூலி போதியளவு இறங்க இயலாமல், வேலைவாய்ப்புச் சுருங்கியது. கூலி அசைய இடமுள்ள நாட்டில் பாரத்தைக் கூலி சுமக்கும். இடமற்ற நாட்டில் வேலை தேடுவோர் சுமப்பர்.

இறக்காமத்து நாட்கூலியின் மீது இக்கட்டணங்கள் நடைமுறையில் விழுவதில்லை. ஆயினும் அங்கும் ஆட்கூலி ஏறியது. அரிவாள் பிடித்த கைகளின் இடத்துக்கு அறுவடை இயந்திரம் வந்தது. கட்டணம் இல்லாமை மட்டும் வேலையைக் காத்துவிடவில்லை. சட்ட வேலியின் உள்ளே இருப்பவர் சேமிப்புடன் ஓய்வு பெறுகிறார். வெளியே நிற்பவர் தளர்ந்த வயதிலும் மண்வெட்டியைத் தோளிற் சுமக்கிறார். 15ஆவது ஆளுக்குக் கதவு திறப்பதும், வயலில் நிற்பவருக்கு முதுமைக் காப்பு அளிப்பதும் 1958இல் தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதிகளாகும்.